வேலைக்கு வராமையும் தொழிலாளர் க்ஷேமமும்

ஒரு தொழிலாளி ஒரு நாள் வேலைக்கு வரவில்லையென்றால் அதற்குக் காரணம் அவனுடைய சோம்பலே என்று தீர்மானித்துவிடுவது நிர்வாகம் செய்பவர்களுக்கு எக்காலத்திலும் சுலபமாகவே இருந்து வந்திருக்கிறது. சம்பளம் வாங்கிய மறுநாள் மட்டம் போட்டுவிடுகிறான், மாரியம்மன் நோன்பு சாட்டினால் ஒரு வாரம் ஆளைக் காணோம், கேட்டால் பாட்டி செத்துப்போனாள் என்கிறான், அந்தப் பாட்டி போன வருஷமும் செத்தவள்தான் என்று மேஸ்திரி சொல்லும் புகாரை மானேஜர் கேட்டு, மானேஜர் சொல்லும் புகாரை முதலாளி கேட்டு, முடிவில் சம்பளத்தைப் பிடிப்பது, மெமோ கொடுப்பது, வாசலில் காத்து நிற்கும் பதிலியை உள்ளே ஏற்றுவது என்னும் மூன்று பரிகாரங்களோடு விஷயம் முடிந்துவிடும். இந்தப் பரிகாரங்களை நம் தேசத்து ஆலைகள் நூறு வருஷத்துக்கு மேலாகக் கையாண்டு வந்தும், காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியபின் எத்தனை இயந்திரங்கள் ஆளில்லாமல் நிற்குமோ என்ற கவலை இன்னும் எந்த மானேஜரையும் விட்டு நீங்கவில்லை. தண்டனையால் தீராத இந்த விஷயம் தொழிலாளரின் க்ஷேமத்தைப் பேணுவதால் தீருமா, தீருமென்றால் எவ்வகைப்பட்ட க்ஷேமத்தால் தீரும் என்பதே இங்கே ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

எதைக் கணக்கிடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். மத்திய சர்க்காரின் லேபர் பீரோ வகுத்துள்ள முறைப்படி, ஆட்கள் வரவேண்டியதென்று திட்டமிடப்பட்ட மொத்த ஷிப்டுகளில், அவர்கள் வராததால் வீணாய்ப்போனவை நூற்றுக்கு எத்தனை என்பதே வராமையின் விகிதம். வேலைநிறுத்தம், கதவடைப்பு, லே-ஆஃப், வார ஓய்வு ஆகியவை இதில் சேரமாட்டா. ஷிப்டில் ஒரு பகுதி நேரம் தலைகாட்டியவரும் வந்தவராகவே கொள்ளப்படுவார். கணக்கு என்ற அளவில் இது ஒழுங்கானதுதான். ஆனால் நூற்று இரண்டு டிகிரி ஜுரத்தோடு வந்து, இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அறுந்த இழைகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் போகிறவர் இந்த ஏட்டில் முழு ஆளாக நிற்கிறார். அதே ஜுரத்துக்கு ஒரு நாள் படுத்து எழுந்து மறுநாள் தெளிந்த கண்ணோடு வருகிறவர் ஒரு நாள் குற்றவாளியாகிறார். இந்த விசித்திரத்தை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே செல்ல வேண்டும். ஏனெனில் விகிதம் குறைவது வேறு, ஜனங்கள் சௌக்கியமாக இருப்பது வேறு என்பது பின்னால் பலமுறை தென்படும்.

இந்தியாவில் இந்த விஷயத்தை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடியாகச் சொல்லத் தக்கது, ஜே. எச். விட்லியின் தலைமையில் 1929-இல் நியமிக்கப்பட்டு 1931-இல் அறிக்கை சமர்ப்பித்த ராயல் கமிஷன். ஆலைத் தொழிலாளி நகரத்தின் கவர்ச்சியால் வந்தவனல்லன், கிராமத்தின் வறுமை பிடர்பிடித்துத் தள்ள வந்தவன் என்று அந்தக் கமிஷன் கண்டது. அறுவடைக்கும் கல்யாணத்துக்கும் நோய்க்கும் அவன் ஊர் திரும்புவதை அக்காலத்து முதலாளிமார் ஒரு சாபமாகக் கருத, கமிஷனோ அந்தக் கிராமத் தொடர்பு ஒரு பலமேயென்றும், அதை அறுக்க முயலாமல் ஒழுங்குபடுத்துவதே விவேகமென்றும், குறித்த காலத்தில் விடுமுறை கொடுத்து, திரும்பி வந்தால் வேலை உண்டென்ற நிச்சயத்தையும் கொடுத்தால் சொல்லாமல் போவது குறையுமென்றும் அபிப்பிராயப்பட்டது. அந்த யோசனை எவ்வளவு மெதுவாகச் சட்டமாயிற்று என்பதற்கு, சம்பளத்தோடு கூடிய விடுமுறை 1945-ஆம் வருஷத்துத் திருத்தத்தில்தான் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் நுழைந்தது என்ற ஒரு செய்தியே போதும். இன்று திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனிகளை நடத்துகிறவர்கள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் பீகாருக்கு ரயிலேறிவிடும் ஆட்களைப் பற்றிச் சொல்லும் குறைகள், தொண்ணூறு வருஷங்களுக்கு முன் அந்தக் கமிஷனின் முன் சொல்லப்பட்ட குறைகளே. பண்டிகை எந்தத் தேதியில் வருகிறதென்பது பஞ்சாங்கத்தில் ஒரு வருஷம் முன்பே அச்சாகிவிடுகிறது. அதைப் பார்த்து ஆர்டரைத் திட்டமிடாதவர், ஆள் சொல்லாமல் போய்விட்டான் என்று குறைப்படுவதில் நியாயம் அவ்வளவாக இல்லை.

கமிஷனுக்கும் முன்பாக, வராமைக்குக் காரணம் வேலையின் ஏற்பாட்டிலேயே இருக்கலாம் என்ற உண்மை சென்னை நகரத்திலேயே வேறு விதமாக வெளிப்பட்டிருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி. பி. வாடியாவும் திரு. வி. கல்யாணசுந்தர முதலியாரும் செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர் முதலில் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று கூலி உயர்வன்று; நண்பகல் இடைவேளையை அரை மணியிலிருந்து நாற்பது நிமிஷமாக நீட்டித்தர வேண்டுமென்பது. பல்லாயிரம் பேர் ஒரே வாசல் வழியாக வெளியேறி, கை கழுவி, கொண்டுவந்த சோற்றை விழுங்கி, மீண்டும் அதே வாசலில் நெருங்கி, கதவு மூடுமுன் உள்ளே புகுந்தாக வேண்டிய அரை மணி அது. அந்தப் பத்து நிமிஷத்தைப் பெரிய விஷயமாக நினைக்காதவர்கள், அவசரமாக விழுங்கப்பட்ட சோறு எத்தனை வயிற்று வலியாகவும், மூடிய கதவு எத்தனை அரைநாள் வராமையாகவும் ஏட்டில் ஏறிற்று என்பதையும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மேல்நாட்டு ஆராய்ச்சிகளுள் இந்த விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து நூற்பாலை ஒன்றில் 1923-இல் எல்டன் மேயோ நடத்திய பரிசோதனை. ஹாதார்ன் என்னுமிடத்தில் பிற்பாடு நடந்த ஆராய்ச்சிகளால் அவர் பெற்ற புகழ் இந்தச் சிறிய பரிசோதனையை மறைத்துவிட்டதென்றாலும், நூற்பாலைகள் நிறைந்த நம் நாட்டார் விரிவாக அறியத்தக்கது இதுவே. அந்த ஆலையின் மற்றப் பகுதிகளில் வேலையை விட்டுப் போகிறவர் வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேராக இருக்க, நூற்புப் பகுதியில் மாத்திரம் அது இருநூற்றைம்பது வீதமாக இருந்தது. அதாவது நாற்பது பேரை வைத்துக்கொள்ள வருஷத்துக்கு நூறு பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. நிபுணர்கள் வந்து நாலு விதமான ஊக்கத்தொகைத் திட்டங்களை ஏற்படுத்திப் பார்த்தும் பயனில்லை. ஊக்கத்தொகையை ஈட்டும் அளவுக்கு அங்கே யாரும் வேலை செய்யவேயில்லை.

அந்தப் பகுதியில் இழை ஒட்டுகிறவர்களின் வேலை, சுமார் முப்பது கெஜம் நீளமுள்ள சந்தில் இருபுறமும் ஓடும் இயந்திரங்களுக்கு இடையே நாள் முழுவதும் மேலும் கீழுமாக நடந்துகொண்டே, இழை அறுந்த இடத்தைக் கண்டு ஒட்டுவது. கோயம்புத்தூர் மில்களில் சைடராக வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கால் வீங்கி, இடுப்பு கடுத்து, இரைச்சலில் பக்கத்து ஆளோடு ஒரு வார்த்தை பேச வழியில்லாமல், ஒரு நாளில் எத்தனை மைல் நடந்தோமென்று கணக்கிடக்கூடத் தோன்றாத வேலை அது. ஆலையின் சிறிய வைத்திய அறையில் நர்ஸ் ஒருத்தியை அமர்த்தி, வருகிறவர்கள் சொல்வதை வெளியிடமாட்டோமென்று உறுதியும் கொடுத்த பிறகுதான் அவர்கள் மனம் திறந்து பேசினார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் பாதநோய். அதைவிட, தனிமையில் நடந்து நடந்து மனத்தில் படிந்த கசப்பும், எதற்கும் பிரயோஜனமில்லை என்ற எண்ணமும். மேயோ செய்த சிகிச்சை மிகவும் எளியது. காலையில் இரு முறை, மாலையில் இரு முறை, பத்து பத்து நிமிஷம் படுத்து இளைப்பாற இடம் கொடுக்கச் சொன்னார். முதலில் மூன்றில் ஒரு பங்கினருக்கே இது கொடுக்கப்பட்டது. ஆயினும் பகுதி முழுவதிலும் முகங்கள் தெளிந்தன, உற்பத்தி உயர்ந்தது, ஊக்கத்தொகை முதன்முறையாகக் கைக்கு வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. அவசர ஆர்டர் ஒன்று வந்தபோது சூபர்வைசர்கள் ஓய்வு நேரத்தை நிறுத்திவிட்டார்கள். சில நாட்களுக்குள் உற்பத்தி விழுந்தது, வராதவர் தொகை ஏறியது. ஆலைத் தலைவர் தாமே தலையிட்டு, குறித்த நேரத்தில் இயந்திரங்களை நிறுத்தி எல்லோரும், சூபர்வைசர்கள் உட்பட, படுத்தே ஆகவேண்டுமென்று உத்தரவிட்டார். இயந்திரம் நின்ற நேரத்தின் நஷ்டத்தையும் மீறி உற்பத்தி மீண்டது. பின்னர் ஓய்வை எப்படி மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வது என்பதைத் தொழிலாளரே தமக்குள் பேசித் தீர்மானித்துக்கொள்ள விட்டபோது நிலைமை இன்னும் சீர்பட்டது. மேயோவின் முடிவுகளைப் பின்வந்தோர் பலவாறு குறை கூறியிருக்கிறார்கள். தொழிலாளியின் குறையை அவன் மனநிலையில் தேடும் அவருடைய போக்கு, கூலியையும் சங்கத்தையும் மறக்கச் செய்கிறதென்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் ஓய்வை எடுத்ததும் ஆள் நின்றதும், ஓய்வைத் திருப்பிக் கொடுத்ததும் ஆள் வந்ததும் ஆகிய இந்த ஒரு பிரத்தியட்சத்தை அந்த ஆட்சேபம் அசைக்கவில்லை.

பிலடெல்பியாவில் மங்கலாகத் தெரிந்த ஒன்றைத் துலக்கமாகக் காட்டியது லண்டனில் 1985-இல் மைக்கேல் மார்மட் தலைமையில் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆராய்ச்சி. பத்தாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட சர்க்கார் உத்தியோகஸ்தர்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்த அந்த ஆராய்ச்சியில் ஏழைகள் இல்லை. எல்லோரும் மாதச் சம்பளக்காரர், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், ஒரே வகை இலவச வைத்திய வசதி உள்ளவர். அப்படியிருந்தும் நோயின் காரணமாக வராமற்போன விகிதம், உச்சிப் பதவியிலிருந்த ஆண்களைக் காட்டிலும் கடைசிப் படியிலிருந்த ஆண்களிடம் ஆறு மடங்காக இருந்ததென்று 1993-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை காட்டியது. இது ஏழைக்கும் பணக்காரனுக்கும் உள்ள ஒரே பிளவாக இல்லாமல், படிப்படியாக இறங்கும் ஒரு சரிவாகவே இருந்தது. தம் வேலையை எப்போது, எந்த முறையில் செய்வதென்பதில் தமக்கு எவ்வளவு சுதந்தரம் உண்டு, மேலதிகாரியிடம் ஆதரவு கிடைக்கிறதா என்ற இரண்டுமே இந்தச் சரிவோடு சேர்ந்து நடந்தன. மிகுந்த வேலைச் சுமையும் குறைந்த அதிகாரமும் ஒருங்கே கூடும்போதுதான் உடல் கெடுகிறதென்று ராபர்ட் கராசெக் 1979-இல் சொன்ன கொள்கையும் இதற்கு அரண் செய்கிறது. சுமையை மட்டும் கண்டு அனுதாபப்படுகிறவர்கள், சுமக்கிறவனுக்குத் தோள் மாற்றிக்கொள்ள உரிமை உண்டா என்று கேட்பதில்லை.

மனத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதால் உடம்பைப் பற்றிய விஷயம் சிறியதென்று கொள்ளலாகாது. நம் நாட்டில் அதுவே முதலில் நிற்பது. தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்களென்று 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு கண்டிருக்கிறது. ஆயத்த ஆடைத் தொழிலிலும் நூற்பாலைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பெரும்பான்மையாக நிற்கிறவர்கள் இந்தப் பெண்களே. இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கொண்டு நடத்தி 1979-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரும்புச்சத்து மாத்திரை பெற்றவர்களின் இரத்தம் தேறத் தேற, ஒரு மாதத்திலேயே பறித்த கொழுந்தின் எடையும் கூடியதென்றும், சோகை மிகுதியாக இருந்தவர்களிடமே இந்த அபிவிருத்தி மிகுதியென்றும் கண்டார்கள். அந்த மலைகளில் கூடை சுமந்தவர்கள் பெரும்பாலும் தென்னாட்டிலிருந்து போன நம் ஜனங்களின் சந்ததியார். துரைமாரும் கங்காணிமாரும் நூறு வருஷமாகக் கள்ளத்தனமென்று எழுதிவைத்த தளர்ச்சியில் ஒரு பங்கு இரத்தத்தில் இரும்பு இல்லாத தளர்ச்சி என்பது எவ்வளவு தாமதமாகத் தெரிய வந்தது!

வெப்பத்தைப் பற்றியும் இப்படியே. இந்திய ஆலைகள் சிலவற்றின் தினசரி ஏடுகளைத் திரட்டி ஈ. சோமநாதனும் அவருடைய துணைவர்களும் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெயில் மிகுந்த நாட்களில் உற்பத்தியும் குறைகிறது, வராமையும் கூடுகிறது என்று கண்டதோடு, குளிர்சாதனம் வைத்த ஆலைகளில் உற்பத்தி நஷ்டம் நீங்கியும் வராமை நீங்கவில்லையென்றும் கண்டார்கள். பணியிடத்தைக் குளிர வைத்தாலும், தகரக் கூரையின் கீழ் இரவெல்லாம் தூக்கமின்றிக் கிடந்தவர் காலையில் எழுந்து வர வேண்டுமே. முதலாளியின் மதிற்சுவரோடு தொழிலாளியின் க்ஷேமம் முடிந்துவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு புள்ளிவிவரம் சொல்ல முடியாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சுதந்தரம் வந்த மறு வருஷமே இயற்றப்பட்ட 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இருநூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் கான்டீனும், நூற்றைம்பது பேருக்கு மேலிருந்தால் ஓய்வறையும், ஐந்நூறு பேரிருந்தால் நல அதிகாரியும் வேண்டுமென்று விதித்தது. குழந்தைக் காப்பகத்துக்கு ஆதியில் ஐம்பது பெண்கள் என்றிருந்த வரம்பு 1976-இல் முப்பதாகக் குறைக்கப்பட்டது. அதே 1948-இல் பிறந்த தொழிலாளர் ஈட்டுறுதிச் (ஈ.எஸ்.ஐ.) சட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்து, 1955-இல் கோயம்புத்தூரை எட்டியது. நோயுற்ற தொழிலாளிக்கு வருஷத்தில் தொண்ணூற்றொரு நாள் வரை கூலியில் நூற்றுக்கு எழுபது வீதம் கொடுக்கும் ஈ.எஸ்.ஐ., உலகத்தின் எந்த ஏழை நாட்டோடு ஒப்பிட்டாலும் பெருமைப்படத்தக்க ஏற்பாடு. இந்தச் சட்டங்களை இயற்றியவர்கள் தீர்க்கதரிசனம் உள்ளவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் விதிகளின் நுட்பத்தில் சில முட்கள் மறைந்திருக்கின்றன. நோய்ப்படியில் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை. ஆகவே இரண்டு நாள் ஜுரக்காரர் ஜுரத்தோடேயே வேலைக்கு வருகிறார், அல்லது வந்ததுதான் வந்தோமென்று டாக்டரிடம் ஒரு வாரத்துக்குச் சர்டிபிகேட் கேட்கிறார். இரண்டுமே ஆலைக்கு நஷ்டம். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவருக்கே அடுத்த வருஷத்தில் இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுமுறை இருந்தது. நீண்ட நோயில் படுத்து அந்த எண்ணிக்கையைத் தவறவிட்டவர், எவருக்கு ஓய்வு மிகவும் தேவையோ அவரே, அதை இழந்து நின்றார். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இந்த வரம்பை நூற்றெண்பது நாளாகத் தளர்த்தியிருப்பது நல்லதொரு திருத்தம். குழந்தைக் காப்பகத்தின் கதையோ வேறு. சில ஆலைகளில் அது இன்ஸ்பெக்டர் வரும் நாளில் திறந்து, ஒரு தொட்டிலும் நிறம் போன மரக் குதிரையும் வைத்த அறையாக நிற்கிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு தாய் மூன்று நாள் வராமலிருந்தால், அந்த மூன்று நாளும் அவளுடைய வராமையாக எழுதப்படுகின்றன. அந்தப் பூட்டிய அறையின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

கழிப்பறையைப் பற்றி எழுத நம்மவர் கூச்சப்படுகிறார்கள். ஆயத்த ஆடைக் கம்பெனிகளின் தையல் லைன்களில், டார்கெட் தவறிவிடுமென்றும், எழுந்து போனால் சூபர்வைசர் ஏசுவாரென்றும் பயந்து பெண்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிடுகிறார்கள். நீர்க்கடுப்பும் அடிவயிற்று வலியும் அதன் பலன்கள். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வராமை அதன் முடிவு. மாதவிடாய் நாட்களில் லீவு கேட்டால் லீவு கொடுக்காமல், பெயரற்ற வலிமாத்திரைகளைக் கையில் கொடுத்து இயந்திரத்தில் உட்கார வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உண்டென்று 2019-இல் ஒரு சர்வதேசச் செய்தி ஸ்தாபனம் புலனாய்ந்து வெளியிட்டபோது நாடே திடுக்கிட்டது. அந்த மாத்திரைகள் ஹாஜர் ஏட்டைச் சுத்தமாக வைத்திருந்தன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கடைச் சிப்பந்திகள் உட்கார்ந்துகொள்ள நாற்காலி தரவேண்டுமென்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டமியற்ற வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் புடவைக் கடையில் நின்றவர்களின் கால்நரம்பு புடைத்ததைக் கண்ட பிறகும் ஒரு ஸ்டூலைத் தாமாகப் போட முதலாளிகளுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் வியப்பு.

நிர்ப்பந்தத்தாலும் ஆசை காட்டியும் வராமையைக் குறைக்க முடியாதா என்று கேட்கலாம். குறைக்க முடியும், அதை மறைப்பது நேர்மையன்று. ஜெர்மனியில் 1996-இல் நோய்க்காலச் சம்பளத்தை நூற்றிலிருந்து எண்பது வீதமாகக் குறைக்க இடம் கொடுத்தபோது நோய் விடுப்பு குறையவே செய்தது. 1999-இல் பழைய வீதம் திரும்பியது. ஆனால் குறைந்தவை எல்லாம் பொய் நோய்களா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் நோய் விடுப்புக்குச் சம்பளம் கட்டாயமாக்கப்பட்ட நகரங்களில் இன்புளுயன்சா பரவுவது குறைந்ததென்று கண்டிருக்கிறார்கள். சம்பளம் இல்லாத இடத்தில் ஒருவர் ஜுரத்தோடு வந்து பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாரென்பதே இதன் பொருள். ஹாஜர் போனஸ் என்று நம் ஆலைகளில் கொடுக்கிறார்களே, அதைப் போன்றதொன்றை ஜெர்மானியக் கடைத்தொகுதி ஒன்றில் பயிற்சியாளரிடையே சோதித்தபோது, பணப் பரிசு கிடைத்தவர்களிடம் வராமை கூடிற்று. வேலைக்கு வருவதற்கே தனிப் பரிசு என்றால், வராமலிருப்பதும் சகஜந்தான் போலும் என்று புதியவர்கள் எண்ணிக்கொண்டார்களென்பது ஆராய்ந்தவர்களின் விளக்கம். வராமையே இல்லாத நிலைமையையும் நாம் கண்டிருக்கிறோம். கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற மங்கலப் பெயரில், மூன்று வருஷ முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொல்லிக் கிராமத்துப் பெண்களை ஆலை விடுதிகளில் அடைத்து வைத்தபோது, இடையில் நின்றால் அந்தத் தொகை போய்விடுமென்ற பயமும் பூட்டிய வாசலும் ஹாஜரைப் பூரணமாக்கின. அதை ஆரோக்கியமென்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

சென்ற முப்பது வருஷங்களாக மேல்நாட்டிலிருந்து வந்து, நம்முடைய கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் வங்கிகளிலும் வேரூன்றியிருக்கும் மற்றொரு உபாயம், ஊழியருக்கு யோகாப்பியாசம், தியானம், நடைப்போட்டி, மனநல ஆலோசனை, கைபேசிச் செயலி ஆகியவற்றை அளிக்கும் ஆரோக்கியத் திட்டம். இதன் சரித்திரத்தில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. 2010-இல் காதரின் பைக்கரும் வேறு இருவரும் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து, இவற்றில் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் வராமையின் செலவில் 2.73 டாலர் மிச்சமாகிறதென்று எழுதினார்கள். அந்த ஒரு வாக்கியத்தை மூலதனமாகக் கொண்டு ஒரு பெரிய வியாபாரமே நடந்தது. அதே பைக்கர், சிருய் சாங் என்பவரோடு சேர்ந்து, அமெரிக்கக் கடைத்தொகுதி ஒன்றின் நூற்றறுபது கிளைகளில் இருபதைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, ஏறக்குறைய முப்பத்து மூவாயிரம் ஊழியரிடையே நேரடியாகச் சோதித்து 2019-இல் வெளியிட்ட முடிவில், பதினெட்டு மாதத்துக்குப் பின் வராமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. இல்லினாய் சர்வகலாசாலையில் ஏறக்குறைய ஐயாயிரம் ஊழியரிடையே நடந்த பரிசோதனை இதன் ரகசியத்தை விளக்கிற்று: இத்தகைய திட்டத்தில் விரும்பிச் சேர்கிறவர்கள் முன்பே ஆரோக்கியமாக இருக்கிறவர்கள், அவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டால் திட்டம் அற்புதம் செய்ததாகத் தோன்றும். பிரிட்டனில் இருநூற்று முப்பத்து மூன்று ஸ்தாபனங்களின் நாற்பத்தாறாயிரம் ஊழியரை ஆராய்ந்து வில்லியம் பிளெமிங் 2024-இல் வெளியிட்ட கட்டுரையும், தனி மனிதரைத் தேற்ற முயலும் பயிற்சிகளில் பங்குகொண்டவர்கள் பங்குகொள்ளாதவர்களைவிட நன்றாக இல்லையென்றே முடிகிறது.

இதிலிருந்து க்ஷேம முயற்சிகள் வீணென்று முடிவு கட்டுவது பிழை. மேலே கண்டவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால், பலன் கொடுத்தவை எல்லாம் வேலையையே மாற்றிய ஏற்பாடுகள்: ஓய்வு நேரம், தன் வேலை முறையைத் தானே தீர்மானிக்கும் உரிமை, நோய்க்காலச் சம்பளம், முன்கூட்டித் தீர்மானித்த விடுமுறை. இரத்தசோகைக்கு மாத்திரை கொடுப்பது தனி மனிதருக்குச் செய்வதாயினும், அது நோயின் வேரில் விழுகிற மருந்து. பலன் கொடாதவை, வேலையை இருந்தபடியே விட்டுவிட்டு, அதைச் சகிக்கத் தொழிலாளியைப் பழக்க முயன்றவை. வாரத்துக்கு எழுபது மணி நேரம் வேலை வாங்கிவிட்டு வெள்ளிக்கிழமை மாலையில் தியானம் கற்பிக்கும் கம்பெனியைக் கண்டு அதன் ஊழியர்களே சிரிக்கிறார்கள். அவர்களுடைய சிரிப்பில் பரிசோதனைகளின் முடிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. மனநல ஆலோசகரை நான் குறைத்துச் சொல்லவில்லை. மெய்யாகவே மனம் உடைந்தவருக்கு அவர் வேண்டும். ஆனால் மனத்தை உடைக்கும் ஷிப்டு முறைக்கு அவர் பரிகாரமாகமாட்டார்.

நெதர்லாந்து ஒரு பாடம் கற்பிக்கிறது. அங்கே நோயுற்ற ஊழியருக்கு இரண்டு வருஷம் வரை சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுக்கும் பொறுப்பை முதலாளியின் தலையிலேயே வைத்ததோடு, 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஊழியர் எப்போது, எந்த இலகுவான வேலைக்குத் திரும்பலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசித் திட்டமெழுத வேண்டுமென்றும் விதித்தார்கள். தொழிலாளியின் நோய்க்குத் தன் பையிலிருந்து பணம் போகுமென்றால், அந்த நோயின் காரணத்தைத் தேட முதலாளிக்குச் சிரத்தை பிறந்துவிடுகிறது. நம் நாட்டிலோ நோய்க்காலப் படியை ஈ.எஸ்.ஐ. கொடுக்கிறது, வராதவரின் இடத்தைப் பதிலி நிரப்புகிறார், ஆகவே ஒருவர் ஏன் வரவில்லை என்று கேட்டறியும் அவசியம் ஆலைக்கு ஏற்படுவதே இல்லை. பதிலிகளை மலிவாக வைத்திருப்பதே வராமையை நம் ஆலைகள் தீர்க்காமலிருப்பதற்கு முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, ஆலை நடத்துகிறவர்களையும் அவர்களுடைய நல அதிகாரிகளையும் கேட்டுக்கொள்வது இதுதான். சென்ற வருஷத்து ஹாஜர் ஏட்டை எடுத்து, வராத நாட்களை ஆள்வாரியாக அல்லாமல் பகுதிவாரியாகவும் ஷிப்டுவாரியாகவும் மேஸ்திரிவாரியாகவும் பிரித்துப் பாருங்கள். ஒரு பகுதியில் மாத்திரம் எண்ணிக்கை துருத்திக்கொண்டு நின்றால் அங்கே கோளாறு ஆட்களிடத்தில் இல்லை. திரும்பி வந்தவரை மெமோவோடு எதிர்கொள்ளாமல், என்ன ஆயிற்று, இப்போது தேவலையா, வேலையில் எது சிரமப்படுத்துகிறது என்று கேட்கும்படி சூபர்வைசர்களைப் பழக்குங்கள். கேட்டவரிடம் லீவை முன்கூட்டியே, முகம் சுளிக்காமல் கொடுங்கள். சொல்லிவிட்டுப் போகிறவருக்கு ஆள் ஏற்பாடு செய்துகொள்ளலாம். அடுத்த வருஷத்துப் பட்ஜெட்டில் யோகாசிரியருக்கு ஒதுக்கிய தொகை ஏதும் இருந்தால், அதைக் கொண்டு முதலில் குழந்தைக் காப்பகத்தின் பூட்டைத் திறந்து நல்ல ஆயா ஒருத்தியை நியமியுங்கள். மிச்சமிருந்தால் கழிப்பறைக்குத் தண்ணீர் வரும்படி செய்யுங்கள்.